நாற்பத்தெட்டுக்குப் பின் முப்பத்து மூன்று

தாராசுரம் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கோயில் பார்க்க உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் ஜெராக்ஸ் எடுக்கும் தேவை வருவதில்லை. சிட்டா, அடங்கல், ஆதார் என்று உள்ளூர்க்காரர்கள் கொண்டுவருவதில்தான் கடை ஓடுகிறது. பின்னறையில் பழைய காமிக்ஸ் புத்தகங்களும் வைத்து விற்று வந்தேன். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்தையவை. சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருப்பவர்கள் போனில் கேட்டு வாங்குவார்கள். மூலை மடங்கியிருக்கிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா, அட்டையில் யாராவது பேனாவால் பேர் எழுதியிருக்கிறார்களா என்று பெண் பார்க்க வருகிறவர்களைப் போலத் துருவுவார்கள். எல்லாம் சுத்தம் என்று நான் சத்தியம் செய்தபிறகுதான் முகவரி அனுப்புவார்கள்.

நேரில் வந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, தோளில் ஒரு ரெக்சின் பையோடு வந்து நின்று, "நல்லா இல்லாதது ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

மலிவாகப் பார்க்கிறார் என்று நினைத்துக் கிழிந்த கட்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். அவர் அதைத் தொடவில்லை.

"கிழிஞ்சது இல்லைங்க. கிழிச்சது நாம. பொறக்கும்போதே கெட்டுப்போனது இருக்கும் பாருங்க, அது வேணும்."

அப்படிப்பட்டவற்றை நான் எடைக்குப் போட்டுவிடுவேன். தலைகீழாகத் தைத்த பக்கங்கள், அச்சே விழாத வெள்ளைப் பக்கங்கள், ஒரு கதையின் அட்டைக்குள் இன்னொரு கதை. அன்றைக்குப் பரணில் தேடியதில் ஒன்று கிடைத்தது. சிவப்பு மட்டும் தள்ளி அச்சாகியிருந்தது. கதாநாயகியின் உதட்டுச் சாயம் கன்னத்தில் போய் விழுந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு நூல் நகந்துருக்கு" என்று விரலால் கால் அங்குலம் காட்டினார். பிறகு அந்தக் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தார், தெரிந்த பெண்ணைப் பார்த்துச் சிரிப்பதுபோல. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருடம், ஞாயிறு தவறாமல் வந்தார்.

குடவாசலில் தனியாக இருந்தார். நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு ஊரிலும் களத்தில் ஒரு கொட்டகை போட்டு, ஈரப்பதம் பார்த்து, பதர் பார்த்து, எடுக்கலாம் எடுக்க முடியாது என்று சொல்லும் வேலை. ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்ப வேண்டும். அந்தப் பழக்கம் விடவே இல்லை. என் கடையில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு தாளை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பார். "இது பத்தொம்பது இருக்குங்க, வெயில்ல போடுங்க" என்பார். நானும் போடுவேன். மழைக்காலத்தில் என் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்காமல் தப்பியது அவரால்தான்.

அவரைப் பற்றி அவரே சொன்னது குறைவு. அடங்கல் நகல் எடுக்க வந்த ஒரு விவசாயி, பின்னறையில் அவரைப் பார்த்துவிட்டு, அவர் போனதும் என்னிடம் சொன்னார்: "இந்த சாரு எங்க ஊர் களத்துல இருந்தாருங்க. மூட்டையத் திருப்பி அனுப்பவே மாட்டாரு. 'ஈரமா இருக்கு, இங்கயே கொட்டிக் காய வைங்க, நான் இருக்கேன்'னுடுவாரு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கூட உக்காந்து காலால நெல்லைத் துழாவிக்கிட்டு இருப்பாரு. வீட்டுக்குப் போற அவசரமே கெடையாது அந்த மனுஷனுக்கு."

கடைசி வாக்கியத்தை அந்த விவசாயி புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

கல்யாணம் பற்றி ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அமையலைங்க" என்றார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நானும் மேலே கேட்கவில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பேரன் பிறக்கிறான் என்று ஆறு மாதத்துக்காகக் கனடா போன என் மனைவி, இரண்டாவது பேரனையும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீடியோவில் எல்லோரும் வருவார்கள். எட்டரைக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் மற்ற கடைக்காரர்கள் மூடும் நாளில் நான் கடை திறந்தேன். பதினோரு மணிக்கு அந்த ரெக்சின் பை தெருமுனையில் தெரிந்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். இதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்கள் இதையெல்லாம் சொல்லிக்கொள்வதா என்ற அசட்டுத்தனம்தான்.

அவருடைய சேகரிப்புக்கெல்லாம் தாய் ஒரு புத்தகம். அவர் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் அவருடைய அப்பா வாங்கிக்கொடுத்தது. தொண்ணூற்றாறு பக்கம். அந்தக் காலத்தில் பதினாறு பக்கத்தை ஒரே தாளில் அச்சடித்து மடிப்பார்கள், அதற்குப் பாரம் என்று பெயர். ஆறு பாரத்தை அடுக்கி, ஓரத்தில் பின் அடித்து, அட்டை ஒட்டினால் புத்தகம். அவருடைய பிரதியில் மூன்றாவது பாரம் இரண்டு தடவை இருந்தது, நான்காவது இல்லை. நாற்பத்தெட்டாம் பக்கம் முடிந்ததும் மறுபடி முப்பத்து மூன்று வரும். அது முடிந்தால் ஒரேயடியாக அறுபத்தைந்துக்குத் தாவும்.

கதை ஒரு துப்பறிகிறவனைப் பற்றியது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவனைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு அறைக்குள் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அறுபத்தைந்தாம் பக்கத்தில் அவன் ஓட்டலில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டரோடு காப்பி குடிக்கிறான். எப்படித் தப்பித்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஐம்பது வருடமாகத் தெரியாது.

"அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"ஏங்க அழணும்? மறுபடி படிச்சேன். முப்பத்து மூணுலேர்ந்து. அதான் ரெண்டு தடவை குடுத்துருக்காங்களே."

இந்தத் தப்பு எப்படி நடந்திருக்கும் என்று அவர் விளக்குவதைக் கேட்க வேண்டும். நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

"நீளமா ஒரு மேசை. அதுல ஒண்ணாம் பாரம், ரெண்டாம் பாரம்னு வரிசையா அடுக்கியிருப்பாங்க. பொம்பளைங்க மேசையச் சுத்தி நடந்துக்கிட்டே ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு வருவாங்க. நடுவுல ஒருத்தி கேட்டிருப்பா, 'ஒம் புள்ளைக்கிக் காய்ச்ச விட்டுச்சா'ன்னு. இவ பதில் சொல்லிக்கிட்டே மூணாம் பாரத்த ரெண்டு தடவ எடுத்துட்டா. அவ்வளவுதாங்க. தப்பே இல்லாத புத்தகம்னா, அன்னைக்கி யாரும் யாரோடயும் பேசலைன்னு அர்த்தம்."

அதோடு நிறுத்த மாட்டார். மூன்றாவது பாரத்தில் ஒன்று அதிகமாகப் போய்விட்டதால், கட்டின் கடைசியில் ஒரு புத்தகத்துக்கு மூன்றாவது இல்லாமல் போயிருக்கும். நான்காவது ஒன்று மிஞ்சியிருக்கும். எண்ணிக்கையைச் சரிக்கட்ட அதையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருப்பார்கள். ஆகவே அவருடைய புத்தகத்துக்கு ஒரு உடன்பிறப்பு எங்கோ இருக்கிறது. அதை வாங்கியவனுக்குத் துப்பறிகிறவன் எப்படித் தப்பித்தான் என்பது தெரியும். ஏன் மாட்டினான் என்பது தெரியாது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் துறைமுகத்தில் ரயிலைவிட்டு இறங்குகிறவன், அடுத்த பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பான்.

"சார், மிஞ்சினதக் குப்பையில போட்டிருப்பாங்க" என்றேன் ஒருநாள்.

"போட்டிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா போட்டிருக்க மாட்டாங்க."

தேடியது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் தேடும் வழியில் சேர்ந்தவை. ஊரூராகப் பழைய பேப்பர்க் கடைகளில் கேட்டு வைத்திருந்தார். என்னிடம் அந்தக் கதையின் நல்ல பிரதி, அப்பழுக்கில்லாதது, ஒன்று இருந்தது. பழகிய புதிதில், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதை எடுத்து நீட்டி, நாற்பத்தொன்பதாம் பக்கத்தையும் திறந்துவிட்டேன். குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மாக்காரி திரும்பிக்கொள்வாளே, அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூடுங்க சார், மூடுங்க. முழுப் புத்தகத்த யாரு வேணா படிச்சுக்கலாம். எனக்கு அந்த இன்னொருத்தரு சொல்லணும். நான் அவருக்குச் சொல்லணும். அவரும் அம்பது வருஷமா ஒரு எடத்துல முழிச்சுக்கிட்டு நின்னுருப்பாரு இல்லைங்களா?"

இப்படி ஒரு மனிதன். எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளாமலே இருக்கிறார். அவருக்கு உறவென்று அந்த ஒருவரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

குடவாசலில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கார்த்திகையில் நாலு நாள் விடாமல் அடித்த மழையில் அவர் ஒரு ஞாயிறு வராமல் போக, மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தார். ஒற்றை அறை. சுவர் ஓரமெல்லாம் புத்தகம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, கொள்முதல் நிலையத்து எழுத்தில்: 'அட்டை வேறு, உள்ளே வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்திருக்கும்.' 'கடைசிப் பாரம் தலைகீழ். புதிதாகச் சேர்ந்த ஆள், பாவம்.' இருந்த ஒரே நாற்காலியிலும் புத்தகங்கள். அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் நான் உட்கார முடிந்தது. "யாரும் வர்றதில்லைங்களா, அதான்" என்றார். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஐப்பசியில், தீபாவளிக்கு மறுவாரம், திருவாரூர்ப் பழைய பேப்பர்க் கடையிலிருந்து எனக்கு ஒரு கட்டு வந்தது. பிரித்து அடுக்கும்போது அந்தக் கதை கையில் தட்டுப்பட்டது. பழக்கதோஷத்தில் நடுவில் புரட்டினேன். முப்பத்திரண்டு. அடுத்த பக்கம் நாற்பத்தொன்பது. அறுபத்து நான்கு வரை போய், மறுபடி நாற்பத்தொன்பது.

அட்டையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நீல மசியில் ஒரு பையனின் கையெழுத்து. பேர், ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, தெருவின் பேர், கீழ்வேளூர். அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செவ்வாய்க்கிழமை அது. உடனே போன் செய்திருக்கலாம். ஞாயிறு நேரில் கொடுத்து அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். புதன், வியாழன் ஓடின. வெள்ளிக்கிழமை எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. இது கிடைத்துவிட்டால் இந்த மனிதர் எதற்குக் குடவாசலிலிருந்து இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வரவேண்டும்? கீழ்வேளூரில் ஒரு உடன்பிறப்பு கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போவார். நான் எட்டரை மணிக்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிறு வந்தார். "கட்டு ஏதாவது வந்துச்சுங்களா?" என்றார். "இந்த வாரம் ஒண்ணும் இல்லை சார்" என்றேன். புத்தகம் மேஜை இழுப்பறையில், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஒருமுறை சொன்ன பொய்யை மறுமுறை சொல்வது சுலபம். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. பொங்கல் கழிந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதுவும் போயிற்று. அந்த மாதங்களில் நான் அவரை எப்போதையும்விட நன்றாகக் கவனித்துக்கொண்டேன். டீயோடு வடை வாங்கி வைத்தேன். மெஸ்ஸில் மீன் குழம்புக்குச் சொல்லி வைத்தேன். "என்ன சார், மாப்புள விருந்து மாதிரி இருக்கு" என்று கேலி செய்தார். இன்னொரு துண்டு மீனை அவர் இலையில் வைக்கச் சொன்னேன்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அறுவத்தி மூணு முடியுதுங்க. அவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரே மாசத்துலதானே வாங்கியிருப்போம். சுகர், பிரஷர்னு ஏதாவது இருக்கும். ஆளு நல்லா இருக்காரோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் செருப்பைக் கழற்றும்போதே புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "நேத்துதான் சார் வந்துச்சு."

அவர் உட்காரவில்லை. முப்பத்திரண்டாம் பக்கத்தையும் அதற்கு எதிரில் இருந்த எண்ணையும் மட்டும் பார்த்தார். படத்தைப் பார்த்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு முதல் பக்கத்து நீல மசியை வாசித்தார், மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கீழ்வேளூரு" என்றார். "அங்க ரெண்டு சீசன் களத்துல இருந்துருக்கேங்க. எங்கிட்ட நெல்லு கூடப் போட்டிருப்பாரு."

மறுநாளே கிளம்பினோம். கும்பகோணத்தில் ஏறி அவருக்கு ஓர் இடம் போட்டு வைத்தேன். குடவாசலில் அவர் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் புது சவரம், மடியில் ரெக்சின் பை. அதில் இரண்டு புத்தகமும் இருந்தன. வழியெல்லாம் அறுவடை முடிந்து உளுந்து தெளித்த வயல். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அந்த ஊர்க் களத்தைக் காட்டி ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கீழ்வேளூரில் உரக்கடையில் அந்தப் பேரைச் சொன்னோம். "மோட்டார் மெக்கானிக்கா?" என்று கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வீடு அந்தத் தெருவுலதான், நீலக் கேட்டு. ஆனா..." என்று இழுத்தவர், "போங்க, அந்தம்மா இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது. அவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தம்மாள், ஐம்பத்தெட்டு வயசு இருக்கும், எங்களைக் கணவரின் பழைய சிநேகிதர்கள் என்று நினைத்து நாற்காலி போட்டார்.

"மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளுங்கண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு. நாகப்பட்டணம் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை புது டைல்ஸ். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என் இழுப்பறையில் அந்தப் புத்தகம் இருந்தது.

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தம்மாளிடம் கொடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அந்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அய்யோ, இதுவா! தீவாளிக்கு முன்னாடி டைல்ஸ் போட்டப்ப மூட்ட மூட்டையா பேப்பரை நான்தான் எடைக்கிப் போட்டேன். அதுல இதுவும் போயிருச்சு. எங்கிட்ட ரெண்டு நாளு பேசலை அவரு. திருவாரூரு கடைக்கிப் போயி தேடிப் பாத்தாரு. எங்கேயோ அனுப்பிட்டாங்கன்னு வந்து படுத்துட்டாரு. எங்க பொண்ணுக்கு இந்தக் கதையச் சொல்லித்தான் சோறு ஊட்டுவாரு. கழுத்து மட்டும் தண்ணி, கழுத்து மட்டும் தண்ணின்னு ஆரம்பிப்பாரு. ஏம்ப்பா தண்ணியில நிக்கிறான்னு அவ கேப்பா. தெரியலடா, ஏதோ திருடப் போயி மாட்டிக்கிட்டான் போலருக்கு, வில்லன் திருட்டுப் பயலேன்னுதான் கூப்புடுறான்னு சொல்லுவாரு."

"இல்லைம்மா" என்றார் அவர். அவ்வளவு அவசரமாக அவர் எதையும் மறுத்ததில்லை. "திருடப் போகலைம்மா. ஒரு கொழந்தை அழுவுற சத்தம் கேட்டுச்சு. உள்ள கொழந்தை மாட்டிக்கிட்டு இருக்குன்னு எறங்கிப் போனான். போனா, டேப்பு. டேப்புல அழுவ விட்டு ஏமாத்திட்டானுங்க. நாப்பத்தாறாம் பக்கத்துல இருக்கு."

"எரக்கப்பட்டா போனான்?"

"ஆமாம்மா."

அந்தம்மாள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் படத்திடம். "இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு! நல்லவனா இருப்பான்னுதான் அவருக்குத் தோணும், ஆனா சொல்லத் தெரியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் எப்படித் தப்பிச்சான் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாதும்மா. நீங்க சொல்லுங்க."

"சட்டையக் கழட்டித் தண்ணி வர்ற குழாயில அடச்சுடுவான். தண்ணி எதுத்துக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் மோட்டாரு தீஞ்சுடும். மோட்டாரு நின்னா கதவு தொறந்துக்கும். இவரு பம்புசெட்டு பாக்கப் போற எடத்துல எல்லாம் இதச் சொல்லிச் சிரிப்பாரு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஐம்பது வருடமாகக் கேட்கக் காத்திருந்த கதை நாலு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. அவரும் அந்தம்மாளும் சிரித்தார்கள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

புத்தகத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார். "அது அவங்க வீட்டுதுங்க" என்றார். திரும்பும் பஸ் திருவாரூரைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "ஒரு மூணு மாசம் முன்னாடி கெடச்சிருக்கக் கூடாதாங்க" என்றார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகச் சொன்னார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். குடவாசல் வந்து அவர் இறங்கிக்கொண்டார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தேடியது கிடைத்தாயிற்று, கிடைத்தும் இல்லை என்றாயிற்று. ஆனால் அந்த ஞாயிறு, பதினோரு மணிக்கு, ரெக்சின் பையோடு வந்து செருப்பைக் கழற்றினார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். "வெயிலு இப்பவே இந்தப் போடு போடுதே" என்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"ஏன்?"

"அதான் கெடச்சுடுச்சே."

அவர் என்னைப் பார்த்தார். ஈரம் பார்க்கும்போது தாளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கேட்டார்: "அந்தப் புத்தகம் எப்ப சார் வந்துச்சு?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "ஐப்பசியில" என்றேன். அவர் கேட்காமலே மிச்சத்தையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்த எண்ணத்தை, எட்டரை மணிக்குப் பிறகான ஞாயிற்றுக்கிழமையை, எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டீயை முழுதாகக் குடித்து முடித்தார்.

"அதுக்குத்தான் நான் வாரா வாரம் வந்தேன்னு நெனச்சீங்களா?" என்றார்.

அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, எப்போதும் போல "வர்றேங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒருமுறை போன் செய்தேன். எடுத்தார். நன்றாக இருப்பதாகச் சொன்னார், குடவாசலில் மழை என்றார், என் பேரன்களை விசாரித்தார். வருவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு வருடம் ஆகிறது. காமிக்ஸ் வியாபாரத்தை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை மட்டும் திறந்திருக்கிறது. இங்கிருந்து கும்பகோணம் போய், குடவாசல் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். வீடும் தெரியும். போய்க் கதவைத் தட்டினால் நாற்காலியில் இருக்கும் புத்தகங்களை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொல்வார் என்றும் தெரியும். அதனால்தான் என்னால் போக முடியவில்லை.